அடுப்படிகள் கேட்டுக்கொண்டிருந்த கடல்

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் ஹைன்ஸ் அவர்களே, நண்டுப் படகுத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் கேப்டனின் மனைவி லியோனா அம்மையாரே! இந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னது நீங்கள்தான். இல்லையென்றால் இங்கே நிற்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கேப்டன் ஆம்ப்ரோஸ் பார்டி! அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டவர் இந்தச் சபையில் உண்டா? இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்! இயந்திரத்தில் விரல் நசுங்கிய அன்றுகூட, "அட, என் தங்க நண்டே!" என்றுதான் கத்தினார். "என்ன கேப்டன், படகுல ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?" என்று சீண்டியவன் நான்.

அவர் கோபப்படவில்லை. "டேய் கில்பர்ட், நீ படகு ரேடியோவுல பேசுறது ஊர்ல ஒவ்வொரு அடுப்படியிலயும் கேக்குது. அசிங்கமாப் பேசினா, பிள்ளைங்க இருக்காங்கன்னு சத்தத்தைக் குறைச்சிடுவாங்க. அப்புறம் ஒருத்தன் முழுகுறப்போ யாருடா கேப்பா?" என்றார்.

ஏப்ரல் பன்னிரண்டு, காலை. கடலில் நாங்கள் இருவர் மட்டும், தனித்தனிப் படகில். நண்டு பிடிக்கக் கடலில் இறக்கியிருந்த என் கூண்டுகளின் கயிறுகள் அறுந்து கிடந்தன. அவர்தான் அறுத்தார் என்று முடிவு கட்டினேன். ரேடியோவில் அவரையும் அவரைப் பெற்றவளையும் சேர்த்து ஏசினேன். வழக்கப்படி நீங்கள் வீட்டுக்கு வீடு சத்தத்தைக் குறைத்தீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை! நானோ என் ரேடியோவையே அணைத்துவிட்டேன்.

பத்தே நிமிடம். என் கயிறுகளை அறுத்த மிதக்கும் பனிக்கட்டிதான் அவர் படகையும் கிழித்தது.

லியோனா அம்மையார் மட்டும் சத்தத்தைக் குறைக்கவில்லை. அடுப்படி ரேடியோவில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. அவர் வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டி, படகுகள் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் இருந்ததோ இருபது நிமிடத் தொலைவில்! கேப்டன் கடைசியாக என்ன சொன்னார் தெரியுமா? என் வசவைத் திருப்பித் தந்தாரா? இல்லை, ஐயா, இல்லை!

"கில்பர்ட், நீதான் கிட்ட இருக்க. வாப்பா."

மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்.

நேற்று அம்மையார் வீட்டுக்குப் போனேன். "உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல," என்றார். "ஆனா கடலுக்குப் போனா பேசு. நான் சத்தத்தைக் குறைக்க மாட்டேன்."

கேப்டன் அவர்களே, உங்கள் பெயரால் சொல்கிறேன். என் ரேடியோ இனி அணையாது. அதில் வசவும் வராது. நாளை விடிந்ததும் உங்கள் அடுப்படிக்குத்தான் முதலில் பேசுவேன்: "கில்பர்ட் பேசுறேன். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."