வாசலை நோக்கி நகர்ந்த நாற்காலி

முகம் பார்க்காத பிள்ளையின் மனம் பார்த்த மாண்பே! பேச்சு வராத பிள்ளையின் பிடிவாதத்திலும் பொருள் கண்ட பெருந்தகையே! குழந்தைகள் இட்ட பெயரையே பட்டமாய்ச் சூடிய எங்கள் மெதுவம்மா! ஆட்டிசம் மதிப்பீட்டு மையத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து இன்று ஓய்வு பெறும் உங்களுக்கு, உடன் உழைத்தவர்கள் வாசித்தளிக்கும் வாழ்த்து இது. கைதட்டினால் காதைப் பொத்திக்கொள்ளும் விருந்தினர்கள் முன்வரிசையில் இருப்பதால், இன்று கையசைப்பு மட்டுமே. ஒலிபெருக்கியும் இல்லை, வாசிப்பவரின் தொண்டைதான் பாவம்.

மேசைக்கடியில் ஒளிந்த பிள்ளை தானாய் வெளியே வரும்வரை தரையில் அமர்ந்து காத்திருப்பீர்கள். "இங்க பாரு, இங்க பாரு" என்று நாங்கள் கெஞ்சினால், "பாக்கலன்னா என்ன? கேட்டுக்கிட்டுத்தானே இருக்கான்" என்பீர்கள். பொம்மை ரயிலின் சக்கரத்தை மட்டும் சுழற்றிய சிறுமியோடு நீங்களும் படுத்துச் சக்கரம் சுழற்ற, புதிதாய்ச் சேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர் உங்களையும் மதிப்பீட்டுக்கு வந்தவர் என்றே எண்ணிவிட்டார். அவர் முகம் இப்போது சிவக்கிறது, விட்டுவிடுகிறோம். குறையே இல்லாதவரா நீங்கள்? அறிக்கைகளை ஆற அமர எழுதி, அலுவலக எழுத்தரின் வயிற்றில் புளியைக் கரைத்தவரும் நீங்கள்தான்.

நாற்பதைக் கடந்த லிஃப்ட் மெக்கானிக் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்த நாளை மறப்போமா! "இவருக்கு என் மேல பாசமே இல்லைங்க. நான் அழுதா எழுந்து போயிடறாரு. பிரிஞ்சிடலாம்னு இருக்கேன்" என்றார் அந்த அம்மா. பல வாரங்கள் பொறுமையாய்க் கேட்டு, கணவருக்கு ஆட்டிசம் இருப்பதைக் கண்டறிந்தீர்கள். அழுகைச் சத்தம் தாங்காமல் எழுந்து போகிறவர் அடுத்த அறையில் நின்று கலங்குகிறார் என்பதை அந்த அம்மாவுக்குப் புரிய வைத்தீர்கள். பிரியவிருந்த அந்த இல்லறம் இன்று எங்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது.

வாராவாரம் உங்களிடம் வந்து பேசுவதுதான் அந்த மெக்கானிக்குக்கு ஊன்றுகோல். நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்றதும் எங்களுக்கு எழுந்த முதல் கவலையும் அவரைப் பற்றியதே. நீங்கள் இல்லாத இந்த மையத்தில் அவர் மறுபடி கால் வைப்பாரா?

நீங்களோ சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கியிருந்தீர்கள். அவருக்கு எதிரே, அடுத்துப் பொறுப்பேற்கும் எங்கள் சக ஊழியரை அமர்த்தினீர்கள். உங்கள் நாற்காலியை வாரத்துக்குக் கொஞ்சமாய் வாசல் பக்கம் நகர்த்தினீர்கள். தரை துடைக்கையில் தள்ளிவிட்டார்கள் போலும் என்று நாங்கள் அதைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தோம். நீங்கள் நகர்த்த, நாங்கள் இழுக்க, இப்படியே போனது. மாற்றத்துக்கு மெல்ல மெல்லப் பழக்க வேண்டும் என்று பெற்றோர்க்கெல்லாம் வகுப்பெடுப்பவர்கள் நாங்கள். ஊருக்குத்தானே உபதேசம்!

கடைசியில் எங்களைத் தடுத்தவர் அந்த மெக்கானிக்தான். "நாற்காலிய திருப்பி வைக்காதீங்க. அவங்க போறதுக்கு நான் பழகிக்கிட்டிருக்கேன். நீங்க யாரும் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார்.

அடுத்த வாரத்துக்கு, புதிதாய்ப் பொறுப்பேற்பவரிடம் அவர் நேரம் வாங்கிவிட்டார். கவலை தீர்ந்தது, அவரைப் பற்றியது மட்டும்.

அம்மா, உங்கள் நாற்காலி இன்று வாசலைத் தாண்டித் தாழ்வாரத்தில் இருக்கிறது. எங்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை. நோய்நொடியின்றி, முட்டிவலியுமின்றி, பல்லாண்டு நலமாய் வாழுங்கள்! போகும்போது மட்டும், மெதுவாய்ப் போங்கள்.

இப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கும்,
மையத்தின் ஊழியர்கள்