பேரு மட்டும் தெரியுது

கடைசியா இத யாரு தொட்டதுன்னா கேக்குறீங்க? எம் பொண்டாட்டிதான் தம்பி. அவள உசுரோட நான் கடைசியாப் பாத்ததும் அன்னைக்குத்தான். ஏலக்கா ஸ்டோர்ல ஏணி போட்டுப் பரண்ல ஏறி, ஒரு டப்பாவ வச்சுட்டு எறங்குனா. கையில ஒட்டுன கரியச் சேலையில தொடச்சுக்கிட்டே, பத்திரமா வச்சுருக்கேன், அங்கிட்டு இங்கிட்டு மாத்தி வச்சு தொலைச்சுறாதீகன்னா. பல்லு வலின்னு போடிக்கு வர்ற ஜீப்புல ஏறுனா. பனி அன்னைக்கு. வண்டி ரோட்ட விட்டு எறங்கிருச்சு. அம்புட்டுத்தான்.

அந்த டப்பாக்குள்ள இருந்ததுதான் இப்ப உங்க கையில இருக்குறது.

கம்ப்யூட்டர்ல மாட்டி அது மெல்ல ஓடட்டும், நீங்க பாருங்க. நான் வந்த சோலி வேற. எனக்குப் புதுசா ஒண்ணு வேணும். எஸ்எஸ்டின்னுதான் சொன்னா, படமெல்லாம் ஏத்தி வைக்கிற பொட்டியாம். அனுசியான்னு எம் மக. மஸ்கட்டுக்குப் போறா, மாப்ள அங்கதான் இருக்காரு. போறதுக்கு முந்தி ஞாயித்துக்கெழம மலைக்கு வர்றா. அதுக்குள்ள பழசுல இருக்குறத எல்லாம் புதுசுல ஏத்தி வைங்கப்பான்னு போன்ல சொன்னா. வெல கம்மியா இருக்கணுமாம், வெரசா ஏறணுமாம், நம்பி வைக்கிற மாதிரியும் இருக்கணுமாம். மூணும் ஒண்ணுலயே கெடைக்குமா ஆத்தான்னு கேட்டேன். நல்லா விசாரிச்சு வாங்குங்கன்னுட்டு வச்சுட்டா. விசாரிக்க எனக்கு என்னா தெரியும்.

புதுசுல இந்த ரெண்டும்தானா? ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஏலக்கான்னா கையில அள்ளுனாப் போதும், கனத்த வச்சே சொல்லிருவேன். பச்சச் சாயம் பூசிக் கொண்டாந்தாலும் கண்டுபுடிச்சுருவேன். இது மூடுன பொட்டியாவுல்ல இருக்கு. உள்ள பருப்பு இருக்கா, தோலு மட்டுமான்னு எப்புடித் தெரியும்?

சரி, அட்டையில போட்டுருக்குற வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தானா. பெருசா ஏத்துனா கொறஞ்சுருமா. அப்ப நம்ம ஜீப்பு மாதிரிதான். மல அடிவாரத்துல, முந்தல்ல கெளம்பும்போது பறக்கும், லோடோட வளைவு ஏறயில மூச்சு வாங்கும். ஏறிருமில்ல, அது போதும். எனக்கு என்னா அவசரம்.

வாரண்டி இருக்கா. கெட்டா மாத்திக் குடுப்பீங்களா. பொட்டியத்தான மாத்துவீங்க? உள்ள இருந்தது? சிரிக்காதீங்க தம்பி, தெரியாமத்தான் கேக்குறேன். அதுக்கு எந்தக் கம்பெனியும் குடுக்காதா. சரி சரி.

இன்னொண்ணு கேக்கணும். இத சூட்டுல வைக்கலாமா?

வெயிலு இல்ல. ஸ்டோர் சூடு. நான் எஸ்டேட்டுல காய் ஒணத்துறவன். பச்சக் காய் வந்து எறங்குனா விடிய விடிய விறகு போட்டு, சூடு ஏறாம எறங்காமப் பாத்துக்கிறணும். அந்தச் சூடு மேல பரணுக்கும் போகும். எங்க மலையில மழ புடிச்சா விடாது. தீப்பெட்டி நமுத்துரும், கல்யாணச் சேல பூத்துரும், சுவத்துல மாட்டுன சாமி படத்துக்குள்ளகூட பூஞ்சணம் போகும். அதனால கெடக்கூடாதுன்னு நெனைக்கிறத எல்லாம் லயத்து வீடுகள்ல இருக்குற ஆளுக பரண்லதான் கொண்டாந்து வைப்பாக. பிள்ளைக சர்ட்டிபிகேட்டு, பட்டுச்சேல, மொளகா வத்தல். ஒரு டப்பாவுல போட்டு, ஈரம் இழுக்காம ஒரு கை காஞ்ச ஏலக்காயையும் சேத்துப் போட்டு மூடிருவாக. எங்க மாமியா வச்ச பத்தரம் இன்னும் கடுதாசி மொறமொறன்னு இருக்கு. ஈஸ்வரியும் அப்புடித்தான் வச்சா. எம் பொண்டாட்டி பேரு ஈஸ்வரி.

ஆமா. இத்தன நாளும் பரண்லதான் இருந்துச்சு. மாத்தி வைக்காதீகன்னு சொல்லிட்டுப் போனவ வரல. நான் எப்புடி எடுப்பேன்? அவ வச்ச எடத்துல அப்புடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்கு அப்பறம் ரெண்டு வெளச்சல் வந்து போயிருச்சு. கீழ நான்தான் விறகு போட்டேன்.

கரண்டு குடுக்காம, சூட்டுல சும்மா வச்சா உள்ள இருக்குறத மறந்துருமா. நெடுங்கண்டத்துல ஒரு கடையில காமிச்சேன், அவரும் இதத்தான் சொன்னாரு. சேட்டா, இது துணிமணி மாதிரி இல்ல, சூடு பட்டா உள்ள நிக்காதுன்னாரு. எனக்கு வெளங்கல. ஈரத்துல கெடும்னு தெரியும். காஞ்சு கெடும்னு எங்க மலையில யாருக்குத் தெரியும்? நீங்க வேற எதாச்சும் சொல்வீகன்னுதான் போடிக்கு எறங்கி வந்தேன்.

வந்துருச்சா? படத்தோட பேரெல்லாம் தெரியுதா? எனக்குக் கண்ணாடி இல்ல, வாசிங்க தம்பி.

அனு சைக்கிள். ஆமா, அந்த எழுத்தெல்லாம் ஈஸ்வரி அடிச்சதுதான். போன்ல எடுத்த படத்துக்கு எடம் பத்தலன்னு மகளோட லேப்டாப்பப் போட்டு இதுல ஏத்தி, ஒரு விரலால தட்டித் தட்டிப் பேரு வைப்பா. அடுத்தது? மழை ஆறு. அது மேக்க இருக்குற ஓட. வெள்ளம் வந்தா வேலைய விட்டுட்டு எடுக்கப் போயிருவா. கங்காணி ஏசுவான். அடுத்தது?

இவுக கொறட்டை. 

நான்தான் தம்பி அது. அடுப்புக்கிட்ட ஒக்காந்துக்கிட்டே தூங்குறத எடுத்து வச்சு, லயமே பாத்துச் சிரிச்சுச்சு. கடைசியில அவ குரலு வரும். காய் கருகுது, எந்திரிங்கன்னு. கருகவே இல்ல, சும்மா வெரட்டுனது. அதத் தொறந்து பாருங்களேன்.

வரலையா. 

அனு சைக்கிள்? அதுவும் வரலையா. சரி. பேரு மட்டும்தான். நெடுங்கண்டத்துலயும் பேரு மட்டும்தான் வந்துச்சு.

இல்ல, போனத மீட்டு எடுக்க மெட்ராஸுக்கெல்லாம் அனுப்ப வேணாம். உறுதி சொல்ல மாட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. ரெண்டு வாட்டி கேட்டாச்சு, மூணாவது ஆளுகிட்டயும் இதக் கேக்கணுமா.

தம்பி, ஒரு ஒதவி. தண்ணி வேணாம், இப்பத்தான் குடிச்சேன். பழச வாங்கிக் குடுத்ததே எம் மகதான். மொதச் சம்பளத்துல வாங்குனா, அம்மாவுக்குன்னு. கையில இருந்தது கொஞ்சம், அதுக்குத் தக்கன வாங்குனா. இப்ப இது தரமில்லாத சாமான்னு சொன்னீங்கன்னா, தான் வெலையப் பாத்து வாங்குனதுனாலதான் அம்மா குரலு போச்சுன்னு நெனைப்பா. அங்க போயி ஒத்தையில ஒக்காந்து அதையே நெனைப்பா, எனக்குத் தெரியும். சாமான் நல்லதுதான், சூட்டுலதான் போச்சுன்னு சொன்னா, பரண்ல யாரு வச்சதுன்னு கேப்பா. செத்தவ மேல எப்புடிச் சொல்றது. அவ பாதுகாக்கணும்னுதான வச்சா.

கொஞ்ச நேரத்துல போன் பண்ணுவா. உங்க நம்பரத்தான் குடுத்துருக்கேன், எனக்கு இந்தப் பேச்செல்லாம் தெரியாதுன்னு. பொட்டி நல்ல பொட்டிதாம்மா, உங்க அப்பாதான் வெவரம் தெரியாம ஸ்டோர் பரண்ல கொண்டுபோயி வச்சுட்டாருன்னு சொல்லிருங்க. என்னைய ஏசுவா, ஏசட்டும். எனக்கு அது பழக்கம்தான், அவுக ஆத்தாகிட்டயும் வாங்குனதுதான்.

பொய்யின்னு பாக்காதீங்க. நீங்க சொன்னா நம்புவா. நான் சொன்னா குரல வச்சே கண்டுபுடிச்சுருவா.

சொல்றீங்களா? நல்லா இருப்பீக.

புதுசா? வேணும் வேணும். அவ வந்து நிக்கையில வெறுங்கையோட நிக்க முடியாதுல்ல. நீங்களே ஒண்ண எடுங்க, ரெண்டுல எது ரொம்ப நாளைக்கு நிக்கும்னு உங்க மனசுக்குப் படுதோ அத. பில்லுல காசிராஜன்னு போடுங்க. இந்த வாட்டி வீட்டுக்குள்ளதான் வைப்பேன். பூத்தாப் பூக்கட்டும். மாசத்துக்கு ஒருக்கா கரண்டு குடுத்தாப் போதும்ல?

எம்புட்டு எடமா? சின்னது போதும் தம்பி. ஏத்துறதுக்கு எம் போன்ல ஒரே ஒரு படம்தான் இருக்கு. புது ஏணி வாங்குன அன்னைக்கு, மொதலாளிக்கு அனுப்ப எடுத்தது. ஏணிதான் தெளிவா இருக்கும். ஈஸ்வரி மேல ஏறிக்கிட்டு இருக்கா, முதுகு தெரியும்.