இன்னொரு தடவை டாக்டரின் பெயரைக் கேட்கிறார்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, பரிசோதனைக் கருவி நிறுவனத்திலிருந்து இவ்வளவு அக்கறையோடு வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் கலங்கிப்போய் இருக்கும் அண்ணி அவர்களே, ஆய்வகத் தோழர்களே! வணக்கம்.

நம் ஆய்வகத் தலைவர் மறைந்துவிட்டார். "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுப்பா" என்று சொல்லிச் சொல்லியே 'இன்னொரு தடவை டாக்டர்' ஆன மனிதர் மறைந்துவிட்டார்! அவருடைய இறப்புச் சான்றிதழைக்கூட நான் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

சர்க்கரை நோய் சத்தமில்லாமல் சிறுநீரகத்தை அரிக்கும். டாக்டரின் மனைவி, நம் அண்ணிக்கு அப்படித்தான் ஆனது. கால் வீங்கிய பிறகுதான் வீட்டிலேயே இருந்த டாக்டருக்குத் தெரிந்தது. அந்த வேதனை அவரை விடவே இல்லை. பாதிப்பு முற்றுவதற்கு முன்பே ரத்தத்தில் ஓர் அறிகுறி தெரியாதா? அதைத்தானே தேடினார்!

ஒரு புரதம் கிடைத்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அதிகம். நலமானவர்களின் ரத்தத்தில் குறைவு. நாங்கள் கைதட்டினோம். "இவ்வளவு அழகா வந்தா எங்கயோ தப்பு இருக்கும்ப்பா" என்றார் அவர். நலமானவர்கள் யார்? நாங்கள்தான்! எங்கள் ரத்தத்தை எடுத்த கையோடு இயந்திரத்தில் வைத்தோம். நோயாளிகளின் ரத்தமோ புறநோயாளிப் பிரிவிலிருந்து சாவகாசமாக வந்து சேரும்.

தன் கையிலேயே ஊசி குத்தினார். ஒரு குழாயை உடனே சோதித்தார். இன்னொன்றை மேசையிலேயே விட்டுவைத்து மத்தியானம் சோதித்தார். முதலாவது, நலம். இரண்டாவது, ஆபத்து! "ஏம்ப்பா, காலைல நல்லா இருந்த என் கிட்னி மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள கெட்டுப்போச்சா?" என்றார். குழாய் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்பதைத்தான் அந்தப் புரதம் சொல்லிக்கொண்டிருந்தது.

இது மேடைக்குத் தெரியாதா? தெரியும். பிறகு எப்படி, அந்தப் புரதத்தை அளக்கும் அதே பரிசோதனை அவர் பெயரில் வெளிவரும் என்று சற்றுமுன் அறிவித்தார்கள்? உயிரோடு இருந்தவரை ஒப்புதல் தர மறுத்தவரின் பெயர், அவர் கண்மூடியதும் எதற்கு? புகழ்ந்தவர்களில் ஒருவராவது அந்த மத்தியானத்தைப் பற்றி வாய் திறந்தாரா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

தோழர்களே! எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி எடுத்து, ஒரே அளவு நேரம் வைத்து, முதலிலிருந்து தொடங்குவோம். இந்தப் புரதம் தேறாவிட்டால் வேறொன்றைத் தேடுவோம். அவர் வேலை நிற்காது, இது உறுதி!

அண்ணி, கூட்டம் முடிந்ததும் நிறுவனத்துப் பெரியவர்கள் ஆறுதல் சொல்ல உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். பேனா அவர்களிடமே இருக்கும். பேச்சோடு பேச்சாக அவர் பெயருக்குச் சம்மதம் கேட்பார்கள். அழுகை வந்தால் அழுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.