திறந்தே இருந்த வரி

என் குரல் சன்னமானது. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால், ஒரே விஷயத்தை நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்காது. நன்றி.

மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இயற்பியல் படித்தவள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்ற எண்ணைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் அக்காவும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சேர்ந்த அன்றே மேடம் என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கணினியில் கோளாறு வந்தால் பார்ப்பதும் நான்தான்.

எங்கள் மேசைகளில் இருப்பவை வெறும் திரைகள். உண்மையான கணினி ஒன்றே ஒன்று, அடுத்த அறையில். வேலை செய்ய, திரையில் டெர்மினல் என்ற கட்டளை ஜன்னல் ஒன்றைத் திறப்போம். யார், எத்தனை மணிக்கு என்று உடனே பதிவில் ஒரு வரி விழும். மூடினால் அந்த வரி முடியும். சிகிச்சைக் கோப்பு எங்கள் இருவருக்கும் பொதுவான கணக்கில் இருப்பதால் அதில் பெயர் வராது, மாற்றிய நேரம் மட்டும் வரும். மாற்றியது யார் என்று தெரிய, அந்த நேரத்தை வைத்துப் பதிவில் தேட வேண்டும்.

அக்காவின் ஜன்னல் அடிக்கடி உறைந்துபோகும். அதை வலுக்கட்டாயமாக நிறுத்தி, எங்கள் பேச்சில் கொன்றுவிட்டு, கிளம்பிவிடுவார். அப்படிச் செத்த ஜன்னல் தன் வரியை முடித்துவைக்காது. அவர் வீட்டுக்குப் போன பிறகும் பெயர் உள்ளேயே நிற்கும்.

"நான் வீட்ல இருக்கேனா, இங்க இருக்கேனா? என் வீட்டுக்காரர் பார்த்தா அவ்வளவுதான். ஏய் ஊமைக்கோட்டான், இதைச் சரி பண்ணித் தொலையேன்."

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. தேடும்போது இன்னொன்றும் தெரிந்தது. சோதனைக்காக என் மேசையில் மட்டும் போட்டிருந்த புது டெர்மினல், பதிவில் எதையுமே எழுதவில்லை. அதில் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் கணினிக்கு நான் இல்லை. இரண்டையும் சரிசெய்யும் நிரலை எழுதி வைத்தேன்.

"பண்ணிட்டியா?" என்றார் அக்கா.

"எழுதிட்டேன்க்கா."

அதைக் கணினியில் அடுத்த வாரம் போடலாம் என்றிருந்தேன்.

அதைப் போடுமுன், அந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. உறைந்த ஜன்னலைக் கொன்றுவிட்டு ஓடினார். அந்த வாரம் முழுக்க வரவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு புது நோயாளியின் எண்ணை நான் என் புது டெர்மினலில் ஏற்றினேன். ஆறு என்று இருக்க வேண்டும். முந்தைய நோயாளியின் பன்னிரண்டு அப்படியே நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை.

அந்த நோயாளி பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். தொண்டையில் கட்டி. ஐந்து நாள் சிகிச்சை. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் டாக்டரம்மா என்பார்.

செவ்வாய் மாலை, இரண்டாம் நாள் முடிந்த பிறகு, தவறைப் பார்த்தேன். திருத்த அரை நிமிடம் போதும். அதற்கு முன் பதிவை எடுத்துப் பார்த்தேன். திங்கள் பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே இருந்தது அக்கா ஒருவர்தான்.

திருத்தினால் கோப்பில் புது நேரம் ஒன்று விழும். காலையில் கணினியை மூடித் திறந்தபோதே அக்காவின் வரி முடிந்திருந்தது. என் மேசையில் இருப்பதோ அந்தப் புது டெர்மினல் மட்டும். ஆகவே பதிவின்படி அந்த நேரத்தில் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது, பதிவில் வராத ஜன்னல் எது என்று தேடுவார்கள்.

அவசரப்பட்டு முடிவெடுப்பது என் வழக்கமில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதுவும் சிகிச்சை நாள்தான்.

வியாழக்கிழமை அந்த ஓட்டுநர் நடைவழியில் என்னை நிறுத்தினார்.

"டாக்டரம்மா, எச்சில் முழுங்க முடியலை. எரியுது. எரியணும்தானே?"

"எரியும்," என்றேன். அது பொய்யில்லை. எல்லோருக்கும் எரியும்.

"அப்ப சரி. நீங்க வாயைத் திறந்ததே பெரிய விஷயம்," என்று சிரித்தார். "நாளையோட முடிஞ்சுது."

ஆறு வாரம் கழித்து இறந்தார். இரண்டாம் நாளோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று பெரிய டாக்டர் சொன்னார். மருத்துவமனையின் விசாரணைக் குழுவினர் பதிவைக் கேட்டார்கள். அச்செடுத்துக் கொடுத்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அன்று மாலை அக்கா என் விடுதி அறைக்கு வந்தார்.

"நான் பன்னிரண்டுக்கே கிளம்பிட்டேன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். பதிவு வேற மாதிரி சொல்லுதே. அந்தக் கோளாறைத்தான் நீ அப்பவே சரி பண்ணிட்டியே?"

"அப்பவே எழுதிட்டேன்க்கா."

எழுதியது உண்மை. போட்டாயா என்று அவர் கேட்கவில்லை.

"அப்ப நான்தான். பிள்ளை நினைப்புல கை தவறியிருக்கும்." என் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் குழுவுக்கு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டே காலுக்கு அவர் மகளைக் கூட்டிப்போனதாகப் பள்ளியில் கையெழுத்து இருக்கிறது என்கிறீர்கள். அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பதிவில் யார் என்றுதான் என்னிடம் கேட்டார்கள். நீயா என்று கேட்டது நீங்கள்தான். ஆமாம், நான்தான்.

என் வாக்குமூலத்தை எழுதும்போது மட்டும் ஐந்து நாளையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் வெறும் கவனக்குறைவு. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். செய்யாததற்கெல்லாம் ஒருவர் பெயரைப் போடுவது நியாயமில்லை.