டேர்போ லொறியில் பூட்டிய டின்

கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர் இருந்தார்கள். ஒருவர் தோட்டத்துத் தேயிலை லொறி ஓட்டுபவர். மற்றவர் மடவளையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மெக்கானிக்; டிரைவர் அவரை ‘நானா’, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டார். யுத்த காலம், பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஆனாலும் டிரைவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“நானா, நீங்க லொறி எஞ்சின்ல பூட்டிக் குடுத்த டின்ன செக் பொயின்டுல ஆமிக்காரங்க குண்டுன்னு நெனச்சிட்டாங்க.”

“யா அல்லாஹ்! அது எஞ்சினுக்குக் காத்துத் தள்ளுற டேர்போவுக்குள்ள ஒயில் போகாம புடிக்கிற டின்தானே?”

“அதத்தான் நானும் சொன்னேன். பொனட்டத் தொறந்து, ரெண்டு ஹோஸ் மாட்டுன டின்னப் பார்த்ததும் எல்லாரும் பின்னால போயிட்டாங்க. என்னையே தொறக்கச் சொன்னாங்க.”

“பொறகு?”

“மூடியக் கழட்டுனேன். உள்ள அரை டின்னுக்குக் கறுத்த ஒயில். ஆபீசர் கிட்ட வந்து மோந்து பார்த்தாரு. யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. ஒங்க பேரச் சொல்லிட்டேன்.”

மெக்கானிக் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். அந்த நாட்களில் ஆமியிடம் ஒருவர் பேர் போவது சின்ன விஷயமில்லை.

“எழுதி எடுத்தாரா?”

“கொப்பியில எழுதிக்கிட்டாரு. அவரு அப்பாவோட லொறியும் டேர்போதானாம். ஒயில் உள்ள போயி, மலை ஏறுறப்ப ஒரே புகையாம். ஞாயித்துக்கெழம ஒங்க கராஜுக்கு அனுப்புறாராம்.”

மெக்கானிக் பெரிதாக மூச்சு விட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ். அது என்ன லொறின்டு கேட்டீங்களா?”