நெட்டிலுக்கு ஒரு நன்றியுரை

மீசைக்கும் பதக்கங்களுக்கும் நடுவே மிடுக்காக வீற்றிருக்கும் விழாத் தலைவர் மேஜர் ஹாலட் அவர்களே! கண்ணை மூடிக்கொண்டு கவனிக்கும் கலையில் கரைகண்ட பாதிரியார் ஐயா அவர்களே! போர் கண்டு, புழுதி உண்டு, புகழ் கொண்டு திரும்பிய வினிகோம்ப் தன்னார்வக் குதிரைப்படையின் மூத்த வீரர்களே! விடிந்ததிலிருந்து கேக்கும் பன்னும் சுட்டுக் கை சிவந்த தாய்மார்களே! கடைசி வரிசையில், கதவோரத்தில், தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஈனாக் ஹெக்ஸ்ட் அவர்களே! உங்கள் அனைவருக்கும் டாம்சின் க்ராக்கரின் மாலை வணக்கம்!

என்னை நன்றியுரைக்கு அழைத்தது பாசத்தால் அல்ல. காலையில் நான் செய்த காரியத்துக்குத் தலைமையாசிரியர் கொடுத்த தண்டனை இது. "மேடையேறி எல்லாருக்கும் ஒழுங்கா நன்றி சொல்லிட்டு இறங்கு. வாலாட்டினே, தொலைச்சிடுவேன்" என்றார். ஐயா, முறைக்காதீர்கள். நன்றிதான் சொல்லப் போகிறேன். ஆனால் யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் நன்றி சொல்லலாமா?

என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் இந்தப் படத்தைப் பாருங்கள். முதல் உலகப் போர் நடந்த ஒரு பாலஸ்தீனத்து மணல்மேடு. மேட்டின் மேல் பீரங்கி. பீரங்கியை நோக்கிப் பாயும் நம் ஊர்க் குதிரைகள். முன்னால் வாளோடு பாய்கிறவர் கேப்டன் ஹாலட், நம் தலைவரின் காலஞ்சென்ற தந்தை. சம்பளத்துக்குச் சேர்ந்த படையா அது? இல்லை! ஏர் உழுதவன், ஆடு மேய்த்தவன், ஆப்பிள் பறித்தவன் எல்லாம் தன் லாயத்திலிருந்து தன் குதிரையைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த படை! அந்தப் பாய்ச்சலில் குதிரைகள் எல்லாம் வீழ்ந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்படித்தானே படித்தோம்? இப்படித்தானே பாடினோம்? அதற்காகத்தானே ஆண்டுதோறும் இந்த நாளில் வாசலில் உள்ள கல்தொட்டியில் குழந்தைகள் நாங்கள் கேரட் போடுகிறோம்?

சரி, காலைக்கு வருகிறேன். ஜெத்ரோவின் பால்வண்டிக் குதிரை ப்ளம்மை நான் தொட்டியருகே கட்டினேன். கேட்கிறது ஜெத்ரோ அண்ணே! திருட்டுக் கழுதை என்கிறீர்கள். கழுதை இல்லை, குதிரை. திருட்டு இல்லை, இரவல். அதன் மேல் பழைய படைப்போர்வையைப் போர்த்தி, கழுத்தில் ஒரு அட்டை மாட்டினேன். "மன்னிக்கவும், கப்பல் தாமதம்" என்று எழுதியிருந்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு குதிரை திரும்பி வருகிறதாம்! சிரித்தீர்களா இல்லையா? பாதிரியாரே, நீங்களும்தான் சிரித்தீர்கள்.

ஊர்வலம் வந்தது. முன்னால் வழக்கம்போல் கொடியோடு ஈனாக் ஹெக்ஸ்ட். குதிரையைப் பார்த்தார். அட்டையைப் படித்தார். நின்றார். கொடி கையிலிருந்து நழுவி விழுந்தது. ப்ளம்மின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, "வந்துட்டியா நெட்டில்? நான்தானேடி உன்னைச் சுட்டேன்" என்றார்.

தெருவே திகைத்தது. சிரித்த வாய் மூடவில்லை எனக்கு.

உடனே தலைவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். "கொடியை மண்ணுல போட்டுட்டியே மனுஷா! குடிச்சிருக்கியா?" மதியம் விழாக் குழு கூடி, புத்தி தடுமாறிய மனிதரிடம் இனிமேல் கொடி கிடையாது என்று முடிவு செய்தது. ஹெக்ஸ்டோ ப்ளம்மைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆக, இரவல் வாங்கியவள் நான், தூக்கிக்கொண்டு போனவர் அவர்!

குதிரையை மீட்க நான்தான் போனேன். கொட்டகையில் அதன் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"என்னடி, இன்னொரு அட்டை எழுதிட்டு வந்தியா?"

"இல்லைங்க. ஜெத்ரோ பால் ஊத்தணுமாம்."

"ஊத்தட்டும். தலைமேல தூக்கிட்டுப் போயி ஊத்தட்டும்."

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய சரித்திரச் சம்பவம் என்று என் அம்மாவைக் கேளுங்கள்! சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"பாய்ச்சல்ல செத்தது ஏழெட்டுக் குதிரைதான் பொண்ணே. மிச்சமெல்லாம் சண்டை முடியிற வரைக்கும் எங்களைச் சுமந்துச்சு. தண்ணியில்லாம, தீனியில்லாம சுமந்துச்சு. ஜெயிச்சாச்சு, ஊருக்குப் போறோம்னு ஆடினோம் பாரு, அன்னிக்கு உத்தரவு வந்துச்சு. கப்பல்ல ஆளுக்குத்தான் இடம், குதிரைக்கு இடமில்லேன்னு."

கப்பல்! நான் கேலிக்கு எழுதிய அதே கப்பல்!

"அப்ப குதிரையெல்லாம்?"

"கல்லு சுமக்குற வண்டிக்கு வித்துடுன்னாங்க. அங்க அதுங்க படுற பாட்டைக் கண்ணால பார்த்தவங்க நாங்க. அதுக்கு நாங்களே முடிச்சுடறோம்னு கெஞ்சி அனுமதி வாங்கினோம். தன் குதிரையைத் தானே சுட எவனுக்கு மனசு வரும்? அதனால ஆளுக்கு ஆள் மாத்திக்கிட்டோம். என்னுதை நீ, உன்னுதை நான்."

பெரியோர்களே, தாய்மார்களே! போரில் பகைவனை மாற்றிக்கொண்டு சுட்டதாகக் கேட்டதுண்டா? நம் ஊர்க்காரர்கள் நண்பனின் குதிரையை மாற்றிக்கொண்டு சுட்டார்கள். ஏன்? தன் குதிரையின் கண்ணைத் தான் பார்க்க முடியாது என்பதற்காக!

"நெட்டில் பேருக்கேத்த மாதிரி காஞ்சொறிதான். யார் தொட்டாலும் கடிக்கும், என்னைத் தவிர. என் ஜோடியா வந்தவருக்குக் கை நடுங்கிடுச்சு. குண்டு கழுத்தை உரசிட்டுப் போயிடுச்சு. மிரண்டுபோன குதிரை எங்க ஓடும்? நேரா என்கிட்ட ஓடி வந்துச்சுடி. காப்பாத்துன்னு என் கக்கத்துல தலையை நுழைச்சுக்கிச்சு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? காலையில் தெருவில் சொன்னதுதான் மிச்சம்.

கை நடுங்கியவர் யார் என்று நான் கேட்டேன். "அது உனக்கெதுக்கு? நல்ல மனுஷன். ரயில்ல வந்து இறங்கினோம். ஊர்க் குழந்தைங்க எல்லாம் கையில கேரட்டோட நிக்குது, குதிரை எங்க, குதிரை எங்கன்னு. அவர்தான் சட்டுனு, பாய்ச்சல்ல எல்லாம் வீரமா விழுந்துடுச்சுன்னு சொன்னாரு. குழந்தைங்ககிட்ட வேற என்ன சொல்றது? நாங்களும் வாயை மூடிக்கிட்டோம். அந்தக் கேரட்டைத்தான் அதுங்க தொட்டியில போட்டுட்டுப் போச்சுங்க."

இதை மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "காலைலதான் நானே தெருவுல கத்திட்டேனே. சொல்லு. கோமாளித்தனம் பண்ணாம சொல்லு" என்றார். ஹெக்ஸ்ட் ஐயா, முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். பீரங்கி முன் பாய்ந்தது வீரம் என்றால், தன்னை நம்பி ஓடிவந்த தலையைத் தாங்கிக்கொண்டு நின்றது எது? நாற்பது வருஷம் அந்தத் தலையின் பாரத்தை நெஞ்சில் சுமந்தபடியே, நமக்காக நம் கொடியையும் சுமந்து நடந்தாரே, அது எது? அந்தக் கையிலிருந்து கொடி ஒரே ஒரு நாள் நழுவியதற்கு நாம் கொடுக்கும் பரிசு, கொடி கிடையாது என்பதா? படத்தில் இருக்கும் குதிரைக்குப் பாட்டுப் பாடுவோம், நிஜக் குதிரையை நினைத்து அழுதவரைக் குடிகாரர் என்போமா? சொல்லுங்கள்! வீரர்களே, நீங்கள் அங்கே இருந்தவர்கள்தானே? அவர் சொன்னது பொய் என்றால் ஒருவர், ஒரே ஒருவர், கையைத் தூக்குங்கள்!

யாரும் தூக்கவில்லை. கையைக் கண்ணுக்குத்தான் கொண்டுபோகிறீர்கள்.

தலைவர் எழுந்துவிட்டார். ஐயா, என் நேரம் முடிந்துவிட்டதா? இன்னும் நன்றியே சொல்லவில்லையே... மன்னியுங்கள், கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

"எங்கப்பா அதுக்கப்புறம் குதிரையே ஏறலை" என்கிறார் மேஜர். "முழங்கால் வலின்னுதான் கடைசி வரைக்கும் எங்கிட்டச் சொன்னாரு. ஸ்டேஷன்ல கேரட்டோட முன்னால நின்ன பையன் நான்தான். பாய்ச்சல்ல எல்லாம் விழுந்துடுச்சுன்னு என்கிட்டச் சொன்னது எங்கப்பாதான்."

சபையோரே! பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். தலைவர் சுவரோரம் சாத்தியிருந்த கொடியை எடுத்துவிட்டார். மேடையை விட்டு இறங்குகிறார். வழிவிடுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள்! கடைசி வரிசைக்குப் போய்விட்டார். கொடியை நீட்டுகிறார். ஹெக்ஸ்ட் ஐயா, தயவுசெய்து...

"எங்கப்பா கை நடுங்கினதை இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லாம இருந்தியே ஈனாக்."

"அவருக்கும் ஒரு குதிரை இருந்துச்சே மேஜர். அதை நான்தானே சுட்டேன்."

வாங்கிக்கொண்டார். கொடியை வாங்கிக்கொண்டார்!

இனி என் கடமை. ஏறியபோது சுமந்து, இறங்கியபோது காத்து நின்று, கப்பலில் இடமில்லை என்றபோதும் நம்மையே நம்பிய வினிகோம்ப் குதிரைகளே, உங்களுக்கு இந்த ஊர் இதுவரை சொல்லாத நன்றி! எல்லோரையும் கடித்து, ஒருவரை மட்டும் நேசித்த நெட்டிலே, உனக்கு என் நன்றி! நான் மீட்டுக் கொண்டுவந்த ப்ளம் வாசலில் பசியோடு நிற்கிறது. தொட்டி நிறையக் கேரட் கிடக்கிறது. வாருங்கள், எல்லோரும் போய் ஊட்டுவோம். முதல் கேரட் மேஜரின் கையால். இப்போது எழுந்து நிற்கும் உங்கள் அத்தனை பேருக்கும் தலைவணங்கி விடைபெறுகிறேன்.