எண்பத்தேழில் ஒரு பங்கு

புல் செய்வதுதான் இந்த வேலையில் சிரமம். பார்க்கிறவர்கள் ரயில் பெட்டி செய்வதைத்தான் சிரமம் என்று நினைப்பார்கள். பெட்டிக்கு அளவு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, பொறுமையாக அறுத்து ஒட்டினால் வந்துவிடும். புல்லுக்கு எதுவும் கிடையாது. மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்தால் போதும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பங்குனி மாதத்தில் இராயக்கோட்டைப் பக்கம் எவன் பச்சைப் புல்லைப் பார்த்தான்? நான் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி, வடிகட்டிக் காயவைத்த டீத்தூளோடு கலந்து தூவினேன். மூன்று முறை தூவி, பிடிக்காமல் மூன்று முறையும் சுரண்டி எடுத்தேன்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும், சார். தாளைக் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து எழுதுங்கள் என்றீர்கள். எனக்கு அது இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஐம்பத்தொன்பது வயதாகிறது. எது முதல், எது கடைசி என்று அடுக்கிப் பார்க்கத் தெம்பில்லை.

என் பெயர் கமலக்கண்ணன். சொந்த ஊர் சாத்தூர் பக்கம், ஓசூருக்கு வந்து முப்பது வருடம். உத்தனப்பள்ளி தாண்டி எங்கள் கம்பெனிக்கென்று தனியாக ஒரு சைடிங் உண்டு. இரும்புச் சுருள் ஏற்றிய சரக்கு வண்டி மெயின் லைனிலிருந்து பிரிந்து அதில் வந்து நிற்கும். அந்தச் சைடிங்கில் பெட்டி தடம் புரண்டால் தூக்கி வைக்கும் குழுவுக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன்.

பொம்மை ரயில் செய்வது எனக்கு இருபது வருடப் பழக்கம். மாடியில் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. என் மனைவி ரஞ்சிதாவுக்கு எம்-சீல் வாடை ஆகாது, அதனால் அவள் வாசலோடு சரி. கம்பெனியில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் தெரியும் என்பதால், ஓய்வு பெறும்போது பயிற்சிக் கூடத்துக்கு ஒரு மாதிரி செய்து தரச் சொன்னார்கள். அழகான ஸ்டேஷன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் என் குழுவில் கிருஷ்ணப்பன் செத்துப்போன அந்த மீட்பு வேலையைக் கேட்டார்கள். தடம் புரண்ட இரண்டு பெட்டிகள், ஜாக்கிகள், அடுக்கிய கட்டைகள், நின்ற ஆட்கள், எல்லாம் அன்று இருந்த இடத்தில் இருக்க வேண்டும். எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. மேலே ஒரு பலகை வரும், ‘கொடி வைக்காமல் உள்ளே போனால்’ என்று. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்திப் பாடம் நடத்துவார்கள்.

ஒப்புக்கொண்டேன். நான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள், அதுவும் தப்பும் தவறுமாக.

கொடி விஷயத்தைச் சொல்ல வேண்டும். தூக்கி நிறுத்திய பெட்டிக்கு அடியில் எவன் போனாலும், போவதற்கு முன் தன்னுடைய சிவப்புக் கொடியைத் தண்டவாளத்தின் ஓரம் நட்டுவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனேதான் பிடுங்க வேண்டும். இன்னொருவன் கொடியைத் தொடக்கூடாது. கொடி நிற்கும்வரை ஜாக்கியை இறக்கும் உத்தரவைச் சூப்பர்வைசர் கொடுக்கக் கூடாது. எங்கள் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக்கூட இது தெரியும்.

கிருஷ்ணப்பன் உத்தனப்பள்ளிக்காரன். சைடிங் போடும்போது அவன் குடும்பத்து நிலம் இரண்டு ஏக்கர் போனது, அதற்குப் பதிலாக வேலை கொடுத்தார்கள். பதினாறு வருடம் என் குழுவில் இருந்தான். நிதானமானவன். கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்லிவிடுவான். போகப்போக ஆட்கள் சந்தேகம் வந்தால் அவனையே கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. சூப்பர்வைசருக்கு எவ்வளவோ வேலை.

விசாரணையில் நான் சொன்னது உங்களிடம் இருக்கும். கொடி இல்லை, அதனால் அவன் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்துக் கையசைத்தேன் என்று சொன்னேன். அந்த இடத்தில் கிடைத்த பொருட்களின் பட்டியலிலும் கொடி இல்லை. சாவுக்குக் காரணம் அவனுடைய சொந்தக் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அப்படி எழுதினால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடையாது, அது கம்பெனி விதி. அவன் மகள் ஜெயப்ரியா டிப்ளமா முடித்தவள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்திருக்கும். இப்போது சூளகிரிப் பக்கம் ஒரு ஷெட்டில் காண்டிராக்டில் போன் பாகம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் மாதிரி செய்வதைக் கேள்விப்பட்டு, அவன் மனைவி மாதம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தாள். கையில் ஒரு பை அவரைக்காய். மேசைக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கிருஷ்ணப்பன் ஐந்தடி ஆறு அங்குலம், என் அளவில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செம்புக் கம்பியில் எம்-சீல் சுற்றிச் செய்திருந்தேன்.

“சட்டை வெள்ளை இல்லீங்கண்ணா. நீலம். நாந்தான் தோச்சிக் குடுத்தேன்” என்றாள்.

நீலம் அடித்தேன். அதன் பிறகு மாதம் இரண்டு ஞாயிறு வருவாள். தக்காளி, கொத்தமல்லி என்று ஏதாவது கொண்டு வருவாள். ரஞ்சிதா காபி கொடுப்பாள். எனக்கு அவள் வருவது தொந்தரவாக இல்லை. சில விவரங்களுக்கு உதவியாகவும் இருந்தது. டிபன் டப்பா எந்தக் கலர், தலையில் துண்டு கட்டியிருந்தானா என்பதெல்லாம் போட்டோவில் சரியாகத் தெரியாது.

அங்கே நின்ற எல்லோரையும் செய்தேன். பம்பின் பக்கத்தில் ஜாக்கி இயக்குகிற வெங்கடப்பன். தூரத்தில் புளிய மரத்தடியில் மோர் குடிக்கிற நான்கு பேர். என் உருவத்தை மட்டும் பல தடவை செய்ய வேண்டியிருந்தது. அளவுப்படி அதுவும் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். எப்படியோ இரண்டரை வந்துவிட்டது. யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கப் போவதில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பலகை விஷயம் மாதம்மாளுக்கு ஜெயப்ரியா மூலம் தெரிந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது உட்காரவில்லை.

“அவரு கெணத்துல எறங்குனாக்கூட மோட்டார் பொட்டிமேல துண்டக் கட்டிட்டுத்தாண்ணா எறங்குவாரு. தெரியாம யாராச்சும் சுச்சு போட்டுருவாங்கன்னு. அத நானே அவுத்தாலும் திட்டுவாரு. அந்த மனுசன் கொடி வெக்காம போயிருப்பாரா?”

நான் ஒரு கட்டையை எடுத்துப் பசை தடவினேன்.

“வேலகூட வேணாம்ணா. அது போனாப் போவுது. வர்ற பசங்கள்ளாம் இதப் பாத்து, யாரோ ஒரு மடையன் செத்தான்னு சொல்லிட்டுப் போவாங்க. நீங்க அங்க நின்னவங்க. இதுல சின்னதா ஒரு கொடி வெச்சுட்டீங்கன்னா போதும்.”

“பாக்காதத எப்படிம்மா வைக்க முடியும்?” என்றேன். “ஒண்ணு பொய்யாச் செஞ்சா மொத்த வேலையும் பொய்யாப் போயிரும்.”

சொன்னது எனக்கே நியாயமாகத்தான் பட்டது. அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். பாவமாக இருந்தது. அன்று முழுவதும் அவளுக்காக நான் வருத்தப்பட்டேன், நீங்கள் நம்பாமல் போகலாம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். நான் பெட்டியின் அடிப்பகுதிக்குத் துருக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் பிரஷைப் பக்கத்தில் கிடந்த துணியில் துடைத்தேன்.

“அந்தத் துணிய ஒருக்கா குடுங்கண்ணா.”

கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து மடியில் விரித்தாள். பெயிண்ட் பட்டுப் பட்டுப் பாதி கறுத்திருந்தது. ஓரத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனாள்.

“சேப்பு நூல் தீந்துபோச்சுன்னு பச்ச நூல்ல ஓரம் அடிச்சேன்” என்றாள். “கம்பு நொழைக்க என் பாவாட நாடாவ வெட்டித் தெச்சேன். அவரு சிரிச்சாரு.”

நான் பிரஷை டர்பன்டைனில் போட்டேன். வேறு துணி எதுவும் பக்கத்தில் இல்லை.

“இத நான் எடுத்துட்டுப் போறேண்ணா.”

“சரிம்மா” என்றேன்.

காலிப் பைக்குள் மடித்து வைத்தாள். ரஞ்சிதா கொண்டுவந்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள்.

அந்தத் துணியை ஏன் வைத்திருந்தீர்கள் என்று உங்களோடு வந்த ஏட்டு கேட்டார். மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வைத்திருந்தேனோ என்று நினைத்தாரோ என்னவோ. அப்படி ஒன்றும் இல்லை. அன்று பேண்ட் பாக்கெட்டில் வைத்தது, துவைக்கும்போது கிடைத்தது. நல்ல பருத்தி, ஓரம் அடித்ததால் பிசிறு விடாது. பிரஷ் துடைக்க அந்த மாதிரித் துணி கிடைப்பதில்லை.

இனி அன்று நடந்ததை எழுதுகிறேன்.

முந்தைய நாள் காலை எட்டு மணிக்குத் தடம் புரண்டது. மறுநாள் பிற்பகல் மூன்று மணி வரை நான் உட்காரவே இல்லை. முப்பத்தொரு மணி நேரம். முதல் பெட்டி ஏறிவிட்டது. இரண்டாவது பெட்டியில் கடைசிச் சக்கரங்கள் மட்டும் பாக்கி. நேராகத் தண்டவாளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன, ஒரு சாண் இறக்கினால் முடிந்தது. அடுத்த வண்டி வெளியே காத்து நிற்கிறது என்று ஆபீசிலிருந்து போன்மேல் போன். நான் இறக்கச் சொல்லும்போதெல்லாம் கிருஷ்ணப்பன் கையைக் காட்டித் தடுத்தான். முதல் முறை கட்டைகளைத் திருத்தி அடுக்கினான். இரண்டாவது முறை ஒரு கட்டையில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்து வெளியே இழுத்துப் போட்டான். அதை நான் பத்து நிமிடம் முன்னால்தான் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். நல்ல வேளை, கிருஷ்ணப்பன் இருந்தான் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்த மாதிரி இருந்தது.

மூன்றாவது முறை, “சார், இந்தப் பக்கம் சரியா ஒக்காரல. ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன்” என்றான். கொடியை நட்டான். உள்ளே போனான். மற்ற நான்கு பேரும் அதற்கு முன்பே மோர் குடிக்க மரத்தடிக்குப் போயிருந்தார்கள்.

வெங்கடப்பன் பெட்டிக்கு அந்தப் பக்கம் பம்பில் இருந்தான். அவனுக்கு அங்கிருந்து கொடி தெரியாது. ஆனால் பிறகு ஓடிவருகிறவர்களுக்குத் தெரியும். அதனால் முதலில் கொடியைப் பிடுங்கினேன். கம்பை உருவி முள்செடிக்குள் போட்டேன். துணியைப் பாக்கெட்டில் வைத்தேன்.

என் ஷூவை அவன் பார்த்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து, “சார், கொடி இருக்கட்டும். ரெண்டு நிமிசம்” என்றான்.

“சரிப்பா” என்றேன்.

பெட்டியைச் சுற்றி வெங்கடப்பன் பார்வைக்கு வர பதினொரு எட்டு நடந்தேன். என் மாதிரியில் அது ஒன்பது சென்டிமீட்டர். வெயிலில் கண் கூசியது, கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. இந்தப் பதினொரு எட்டில் எங்கேயாவது நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நின்றால் மறுபடி நடக்க வேண்டுமே என்று இருந்தது. அவ்வளவு அலுப்பு.

“கிருஷ்ணப்பன் வந்துட்டாருங்களா சார்?” என்று வெங்கடப்பன் கேட்டான்.

“வந்தாச்சு. எறக்கு” என்று கையைத் தாழ்த்தினேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. சக்கரம் தண்டவாளத்தில் உட்காரும் சத்தம்தான் கேட்டது. சரியாக உட்கார்ந்தது.

வெங்கடப்பன் அடுத்த வாரமே வேலையை விட்டான். சூளகிரி தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறான் என்று கேள்வி. தன் கையால்தான் போனது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவனைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம். இந்தத் தாளைக் காட்டினால் போதும். மாதம்மாளுக்கும் ஒரு நகல் கொடுங்கள். கிருஷ்ணப்பன் கொடி வைத்துவிட்டுத்தான் போனான். ஜெயப்ரியாவுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காரணம் என்ற இடத்தில் களைப்பு என்று போட்டுக்கொள்ளுங்கள், சார். எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது. பகை கிடையாது. அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். முப்பத்தொரு மணி நேரம் கண்ணை மூடாத எந்த மனிதனும் செய்யக்கூடியதுதான் இது. பதினாறு வருடமாக நான் கையைத் தாழ்த்திய பிறகும் வெங்கடப்பன் ஒரு முறை கிருஷ்ணப்பனைத் தேடிப் பார்ப்பான், அவன் தலையாட்டினால்தான் ஜாக்கியை இறக்குவான். அன்று என்னிடம் வாயால் கேட்டதோடு சரி, அவனைத் தேடவில்லை, என் கையைப் பார்த்தே இறக்கினான். அவ்வளவு களைப்பிலும், சார், அது எனக்கு இதமாக இருந்தது.